கடைசி வயலுக்குத் தண்ணீர்

"காளிதாஸ் வீட்டுக் கூரை இறவாணத்துல சொருகியிருந்த அருவாளக் காணோம்!"

ஆசைத்தம்பி கத்திக்கொண்டு ஓடி வந்தபோது, ஊர்த்தலைவரான அம்பலம் மெய்யநாதன் வாசலில் நின்று, "அக்கம்மா, ஏ அக்கம்மா" என்று மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுப்பில் நெருப்பு இல்லை. உள்ளேயிருந்து பதிலும் வரவில்லை.

"ஆளு எங்கடா?"

"கம்மாக்கரையில நிக்கிறானாம். அங்க கருத்தையா ஒத்தையில மடைமேல உக்காந்திருக்காரு. வாங்க மாமா, தலை உருண்டுறப் போகுது!"

அம்பலம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். வழியில் நாலைந்து ஆண்கள் சேர்ந்துகொண்டார்கள். "எந்திரிச்சு ஒரு வாய் நீராகாரம் குடுக்க ஆளில்ல, அதுக்குள்ள வெட்டுக்குத்தா?" என்று ஒருவர் முனகினார். ஊருணிப் படியில் ஒரு குடம்கூட இல்லை.

நேற்றைய ஊர்க்கூட்டத்தில் பற்றிய நெருப்பு இது. கண்மாயில் தண்ணீர் குறைந்துவிட்டது. நடுவில் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகள் குஞ்சு பொரித்திருந்தன. அவற்றுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர். மரத்தடியில் தண்ணீர் நிற்கும்வரை நரி நெருங்காது. இருப்பதையும் மடை வழியே விட்டுவிட்டால் சேறு காய்ந்து நரிக்குப் பாதையாகிவிடும்.

ஆனால் ஊரே ஐ.ஆர். எட்டு நெல் நட்டு அறுத்து முடித்துவிட்ட பிறகும் ஒரே ஒரு வயலில் கதிர் நின்றது. நாற்று அழுகி இரண்டாம் முறை நட்ட காளிதாஸின் வயல். பனைகளுக்கு அப்பால், ஆயக்கட்டின் கடைக்கோடியில், பால் பிடிக்கும் பருவத்தில் பாதி கருகிக் கிடந்தது.

கதிர் நிற்கிற வயல் ஒன்றே ஒன்று இருந்தாலும், உடையவன் கேட்டால் மடை திறந்தாக வேண்டும். அது ஊர்க்கட்டு.

"பிள்ளை பெத்துக்க வந்த பொண்ணுகளக் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுவாகளா?" என்று மடை திறக்கும் நீர்பாய்ச்சி கருத்தையா கூட்டத்தில் நாரைகளுக்காகக் கெஞ்சினார்.

"அதுகளக் கண்டரமாணிக்கம் கம்மாய்க்குப் போகச் சொல்லுங்க. எம் பிள்ளைக எங்க போகும்?" என்று காளிதாஸ் கத்தினான்.

கூட்டத்தில் பேச உரிமையில்லாத பெண்கள் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் மடை திறக்கும் என்று அம்பலம் தீர்ப்புச் சொன்னார். சொல்லிவிட்டு வந்து படுத்தவருக்குப் பாய் முள்ளாகக் குத்தியது. விடியும் நேரத்தில்தான் கண் அசந்தார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, கண்மாய்க்கு மேலே நாரைகள் மரத்தில் அமைதியாக உட்காராமல் வட்டமடித்தபடி இருந்தன. மடைக்கல்லின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு கருத்தையா உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே காளிதாஸ் நாலடி போவதும் திரும்புவதுமாக நடந்துகொண்டிருந்தான். அவன் கைகள் இரண்டும் காலியாக இருந்தன.

"அருவா எங்கடா?" என்றார் அம்பலம், மூச்சு வாங்க.

"எந்த அருவா?"

"இவர வெட்டத்தான வந்த?"

"நல்லாருக்கு! இவர வெட்டிட்டா முங்கி மடைக்கட்டையத் தூக்க யாரு இருக்கா, நீங்க வாரீகளா?" காளிதாஸின் கண்கள் சிவந்திருந்தன. "ராத்திரி பூரா இந்தக் கரையில அங்குட்டும் இங்குட்டும் நடக்கேன். வீட்டுப் பக்கமே போகல. தீர்ப்புச் சொன்னீகள்ல, திறக்கச் சொல்லுங்க."

அம்பலம் திரும்பிப் பார்த்தார். "சத்தியமா அருவாளக் காணோம் மாமா" என்றான் ஆசைத்தம்பி.

கருத்தையா மரங்களைக் கைகாட்டினார். "அந்தா பாரு தம்பி, கழுத்த நீட்டிக்கிட்டு. றெக்கை இன்னும் முளைக்கல. ஒரு மாசம் பொறுத்தா பறந்துரும்."

"அங்குட்டுக் காட்டாதீகண்ணே." காளிதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நான் பாக்க மாட்டேன். பாத்தா என்னால கேக்க முடியாது."

நாரைகளின் சத்தம் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஊர்க்கட்ட மீற எனக்கு அதிகாரம் இல்ல" என்றார் அம்பலம், தரையைப் பார்த்தபடி. "இறங்கு, கருத்தையா."

கருத்தையா வேட்டியை இறுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். இடுப்பு நனைந்தது, மார்பு நனைந்தது. முங்குவதற்காக மூச்சை இழுத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

பனைகளின் பக்கமிருந்து கரைமேல் ஒரு வரிசை வந்துகொண்டிருந்தது. ஊர்ப் பெண்கள். ஒவ்வொருத்தி தலையிலும் ஒரு பச்சைக் கட்டு. முன்னால் வந்தவள் காளிதாஸின் மனைவி முத்தழகு. காணாமல்போன அரிவாள் அவள் இடுப்பில் இருந்தது.

"அடிப்பாவி!" காளிதாஸ் கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "பால்கதிரையா அறுத்த?"

முத்தழகு தலையிலிருந்த கட்டை மடைக்கல்லின் மேல் போட்டாள். பழுக்காத கதிர்கள் கலைந்து சரிந்தன. அவள் கண்கள் அவற்றின் மேல் சற்று நின்றுவிட்டு விலகின.

அம்பலத்தின் மனைவி அக்கம்மாள் தன் கட்டையும் அதன்மேல் இறக்கினாள். "அடுத்த அறுப்பு வரைக்கும் இவ வீட்டு உலைக்கு நாங்க வீட்டுக்கு வீடு நெல்லு போடுறோம். எல்லாம் பேசியாச்சு. ஒங்கள யாரும் கேக்கல" என்றாள் புருஷனிடம்.

அம்பலம் குனிந்து ஒரு கதிரை எடுத்தார்.

முத்தழகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"இப்ப எந்த வயல்ல கதிர் நிக்குது, அம்பலாரே?"