இடது பக்கம்

பந்தயத் தடத்துக் கொட்டகையில், பைக்கின் இடது பக்கத்தில் அவன் நான்காவது சுற்று டேப்பை ஒட்டிக்கொண்டிருந்தபோது, தானும் வண்டி ஓட்ட வந்திருந்த ஒரு பல் டாக்டர் பக்கத்துக் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, என் கிளினிக்லகூட இவ்வளவு பஞ்சு கிடையாது!"

அவன் சிரித்தான். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பது இந்தப் பதினோரு மாதத்தில் அவனுக்கு நன்றாகவே வந்துவிட்டது.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் மனைவி அலுவலக மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதிலிருந்து வீடு, அலுவலகம், வீடு என்று கிடந்தவனை இந்த ட்ராக் டேவுக்குப் பெயர் கொடுத்துத் தள்ளிவிட்டது அக்காதான். போட்டியெல்லாம் கிடையாது. சொந்த வண்டியைக் கொண்டுவந்து பந்தயத் தடத்தில் ஆசை தீர ஓட்டலாம். விழுந்தால் அவரவர் பாடு.

"விழுந்தா வண்டி வீணாப் போயிடும்க்கா" என்றான்.

அக்கா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கை, கால் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருக்க வேண்டும்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு அக்காவோடு வாதாட வேண்டும். வாதாடத் தெம்பு வேண்டும். டேப் ஒட்டுவது சுலபம்.

விழுந்தால் வண்டிக்கு என்னென்ன ஆகும் என்று மூன்று மாதம் படித்தான். பட்டம் வாங்கக்கூட அவன் அவ்வளவு படித்ததில்லை. எஞ்சினின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கிற நைலான் கட்டைகள். விழுந்தால் முதலில் தரையில் உரசுவது அவைதான். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் வளைந்த காப்பு. எஞ்சின் மூடிக்கு மேல் இன்னொரு மூடி. அதுவும் போதாதென்று, இடது பக்க பேனலின் மேல் அக்காவின் யோகா பாயை வெட்டி வைத்து, அதன் மேல் டேப், டேப்பின் மேல் டேப்.

ஹெல்மெட் மட்டும் அலுவலக நண்பனிடம் இரவல்.

டாக்டர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"தம்பி, இங்க பத்து வளைவுல எட்டு வலது பக்கம். விழுந்தா வலது பக்கம்தான் விழுவீங்க. இடது பக்கத்துக்கு எதுக்கு மெத்தை?"

"சும்மாதான் சார்."

சைடு ஸ்டாண்டையும் கழற்றிவிட்டிருந்தான். சாய்ந்து வளையும்போது அது தரையில் இடித்தால் வண்டியோடு ஆளையும் தூக்கி எறியும் என்று எங்கேயோ படித்திருந்தான். இனி வண்டியை நிறுத்த வேண்டுமென்றால், பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கும் இரும்புத் தாங்கி ஒன்றுதான் வழி. அது கொட்டகை மூலையில் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது.

பரிசோதனை வரிசையில், வண்டியைப் பார்க்கிறவர் டேப்பின் மேல் விரல் முட்டியால் தட்டினார். உள்ளே வண்டி இருக்கிறதா என்று கேட்டார். பின்னால் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அவனும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, ஓட்டத் தகுதியானது என்ற ஸ்டிக்கரை வாங்கிக்கொண்டான்.

முதல் சுற்றுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மெதுவாக, மிக மெதுவாகக் கொட்டகைக்கு ஓட்டி வந்தான். எஞ்சினை அணைத்தான்.

இடது கால் பழக்கத்தில் ஸ்டாண்டைத் தள்ளியது. ஸ்டாண்டு இல்லை. தள்ளிவிட்டோம் என்று காலும் நம்பியது, அவனும் நம்பினான். ஹெல்மெட்டைக் கழற்றியபடி கம்பீரமாக இறங்கினான்.

வண்டி அவசரமே இல்லாமல் இடது பக்கம் படுத்தது.

அன்றைய முதல் விபத்து. வேகம் பூஜ்யம்.

டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஸ்டாண்டு போடாம எறங்கிட்டீங்களா! இதுக்குத்தான் இடது பக்கம் மெத்தையா? முன்னாடியே தெரியுமா தம்பி?"

இரண்டு பேருமாகத் தூக்கித் தாங்கியில் நிறுத்தினார்கள். நைலான் கட்டையின் முனை தேய்ந்திருந்தது. கிளட்ச் காப்பில் மண். அவன் அவற்றைப் பார்க்கவேயில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து நகத்தால் டேப்பைப் பிய்த்தான். மூன்று மாதப் படிப்பு கற்றை கற்றையாக வந்தது. யோகா பாயை உரித்தான்.

பேனலில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். சிவப்பு போய், உள்ளே கறுப்பு தெரிந்தது.

அதன் மேல் விரலை ஓட்டினான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. பிறகு திரும்பவும்.

டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. "அடடா, இவ்வளவு பண்ணியும் கீறிடுச்சே. பெயின்ட் அடிக்கிற நல்ல ஆள் ஒருத்தர் இருக்காரு. நம்பர் தரட்டுமா?"

"இது பழசு சார். புதுசா ஒண்ணும் படல" என்றான் அவன். "நம்பரும் இருக்கு."

இருந்தது. வீட்டில், ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்துக்கு அடியில். குடியிருப்பின் பார்க்கிங்கில் இந்த வண்டியை ஓட்டிப் பழகிய அவன் மனைவி, ஸ்டாண்டு போடாமல் இறங்கிய மறுநாள் எழுதி வைத்தது. ஸ்டாண்டு போடாமல் இறங்குகிற ஆளை உலகத்திலேயே இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொன்னதோடு அவன் அவளிடம் பேச்சை நிறுத்தியிருந்தான்.

எண்ணுக்குக் கீழே ஒரு வரி: "சனிக்கிழமை நானே கொண்டுபோய்க் குடுக்கறேன். இப்பவாவது பேசேன்."

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், வியாழக்கிழமை காலை, பால் எடுக்கப் போனபோதே அவன் அதைப் படித்துவிட்டான்.

சனிக்கிழமைவரை முறுக்கிக்கொண்டு இருப்போம் என்று நினைத்தான்.