ஒன்பதாம் நம்பர் கொடி

"ஏம் பூவாத்தா, கொடிய நடுவுல நடச் சொன்னா, ஓரத்துல கொண்டுபோயிக் குத்தி வெச்சிருக்கியே?"

பாத்திமுத்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். காந்திபுரத்துச் சந்தில் அவள் பேக்கரி ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. இப்படி ஓர் ஆர்டர் வந்ததே இல்லை. அவிநாசிக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்திருக்கும் கோல்ஃப் கிளப்பின் முதல் ஆண்டு விழாவுக்கு நாலு கிலோ கேக். இது பிடித்துப்போனால் கிளப்பின் எல்லா விசேஷத்துக்கும் இனி உங்கள் கேக்தான் என்று செகரட்டரி பாலகோபால் சொல்லியிருந்தார்.

மாதிரிக்கு ஒரு போட்டோவும் கொடுத்திருந்தார். பச்சைப் புல்வெளி, பக்கத்தில் மணல் பள்ளம், ஒரு குட்டை, புல்வெளியின் நடுவில் சின்னதாக ஒரு குழி, அதற்குள் ஒன்பது என்று நம்பர் எழுதிய சிவப்புக் கொடி. பந்தை அடித்து அடித்து அந்தக் குழியில் தள்ள வேண்டுமாம். தொண்ணூற்றாறாம் வருஷத்துக் கோயமுத்தூரில் கோல்ஃப்பைக் கண்டவர்கள் எத்தனை பேர்? பாத்திமுத்து டி.வி.யில்கூடப் பார்த்ததில்லை. என்னவோ விளையாடிக்கொள்ளட்டும், நமக்குக் கேக் போனால் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

தலையாட்டிய மறுநாளே ஐசிங் மாஸ்டர் நஞ்சப்பன் அம்மை போட்டு ஈரோட்டில் போய்ப் படுத்துக்கொண்டார். மிச்சம் இருந்தது பூவாத்தாள்தான். அவிநாசிப் பக்கத்துப் பெண். பிழைப்புக்காகப் புருஷனோடு டவுனுக்கு வந்தவள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான். ரோஜாப்பூ வைப்பாள், 'ஹேப்பி பர்த்டே'யைக் கோணாமல் எழுதுவாள். அவ்வளவுதான் அவள் படிப்பு.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, கொடியைத் தவிர மற்றதெல்லாம் பிரமாதமாகச் செய்திருந்தாள். பச்சை ஐசிங்கைப் புல்லாகவே நிறுத்தியிருந்தாள். மணலுக்கு நாட்டுச் சர்க்கரை, குட்டைக்கு நீல ஜெல்லி. இத்தனைக்கும் போட்டோவை ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். பார்த்ததும் முகம் ஒரு மாதிரியாகி, அதைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். புதுசு, பயப்படுகிறாள் என்று பாத்திமுத்து நினைத்துக்கொண்டாள்.

"இதென்ன மூலையில சாக்லேட்டு வட்டம்? போட்டோவுல இல்லையே?"

"கெணறுங்க அக்கா. கை தவறி வெச்சுப்போட்டேனுங்க."

"கை தவறிக் கெணறு வெட்டுனவள இன்னைக்குத்தான் பாக்கறேன்! சரி, அது கெடக்கட்டும். குழியப் போட்டுக் கொடிய நடு. நாலு மணிக்கு அந்த மனுசன் வந்துருவாரு."

"நடுவுல வேண்டாமுங்க அக்கா. ஓரத்துலயே இருக்கட்டுமுங்க."

"ஓரத்துல வெச்சா அது கோல்ஃப்பா? நல்லா இருக்குதே நாயம்!"

"என்னைய வேணா வேலைய விட்டு நிறுத்திப்போடுங்க. அந்த எடத்துல குழி போட மட்டும் சொல்லாதீங்க."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாத்திமுத்துவுக்கோ எரிச்சல். ஒரு கேக்கில் ஓட்டை போட இவ்வளவு நாடகமா? அப்போதாவது அவள் ஒரு வார்த்தை 'ஏன்' என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"மொதல்ல எல்லாருக்கும் இந்தப் பயம் இருக்கும் அம்மணி. அழகா வந்ததக் கெடுத்துருவமோன்னு. தள்ளு, நான் காட்டறேன்."

ஐசிங் பிழியும் பெரிய நாசில் குழல் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து, புல்வெளியின் நடுவில் வைத்து அழுத்தித் திருகினாள்.

"மெதுவாங்க அக்கா... மெதுவா..."

"கேக்குக்கு வலிக்குமாக்கும்!" என்று சிரித்தாள் பாத்திமுத்து. குழி விழுந்தது. ஓரத்துக் கொடியைப் பிடுங்கிக் குழியில் நட்டாள். நாசிலுக்குள் இருந்த கேக் துண்டைத் தட்டிப் பூவாத்தாள் கையில் வைத்தாள். "இந்தா, தின்னு. பயம் போயிரும்."

பூவாத்தாள் தின்னவில்லை. இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நின்றாள்.

நாலு மணிக்குப் பாலகோபால் வந்தார். பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"அட, அப்படியே எங்க ஒம்பதாம் குழிங்க! இனி நம்ம கிளப்பு கேக் எல்லாமே உங்களுதுதானுங்க." சட்டென்று குனிந்து மூலையைப் பார்த்தார். "ஏனுங்க, இந்தக் கெணறு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க? புல்லு போடறதுக்கு முன்னாலயே மூடிப்போட்டமே!"

பாத்திமுத்து ஏதோ சமாளித்துக் கேக்கை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள். பூவாத்தாள் அந்தத் துண்டைப் பட்டர் பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்க நெலமா அது?"

"ஆமாங்க அக்கா. போட்டோவுல அந்தக் குட்டையப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சுங்க. கெணத்துல தண்ணி வத்திப்போச்சு, வித்துப்போட்டு டவுனுக்குப் போயிரலாமுன்னு அவரை நச்சரிச்சது நாந்தானுங்க. அவரு வேண்டாம் வேண்டாமுன்னுதான் சொன்னாரு. கேட்டிருக்கோணும். கேக்காமப் போயிட்டேன்."

பாத்திமுத்துவுக்குப் பாவமாகிவிட்டது. அவள் தோளில் கை வைத்தாள். "அதுக்கா இத்தன அழுக? நெலந்தான கண்ணு, போனாப் போகுது உடு."

"நெலம் போனாப் போகுதுங்க அக்கா," என்றாள் பூவாத்தாள். "நீங்க குழி போட்டீங்களே, அந்த எடத்துலதானுங்க எங்க மூணு வயசுப் பையனப் பொதச்சிருக்கறோம்."