பூ வாக்கு

காளிச்சாமியின் கை நாலாவது தடவையாகச் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. இருநூறாவது படியில் மூச்சு வாங்க நின்ற மகள் லோகப்பிரியாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. அப்படி என்னதான் காவல்!

அந்தப் பையில் இருந்தவை இரண்டு வாழையிலைப் பொட்டணங்கள். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, மற்றதில் செவ்வரளி. மலை மேலிருக்கும் முருகன் முன்னால் இரண்டையும் வைத்து, விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் கிருபாசங்கரோடு கல்யாணம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சே கூடாது.

கிருபாசங்கர் வேறு சாதி. பம்புசெட் கம்பெனி வேலை. அவள் உட்கார்ந்திருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பேச வந்து பழகியவன். விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதம் மகளோடு பேசாமலிருந்த காளிச்சாமி, போன வாரம்தான் வாயைத் திறந்தார்.

"சாமி என்ன சொல்லுதோ, அதுக்கு நானும் கட்டுப்படறேன், நீயும் கட்டுப்படோணும். ஞாயித்துக்கெழம மலையேறலாம். அந்தத் தம்பியையும் வரச்சொல்லு."

சொந்த ஊரான சூலூரில் கிணறு வெட்டினாலும் சரி, தறி வாங்கினாலும் சரி, பூ வைத்துக் கேட்காமல் ஒன்றும் செய்யமாட்டார் மனுசன். ஆனால் மகள் விஷயத்தைச் சாமி கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பார் என்று லோகப்பிரியாவுக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. வேறு வழியும் இல்லாமல்தான் ஏறிக்கொண்டிருந்தாள்.

கோயமுத்தூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, தூக்குப்போசியில் புளிசாதத்தோடு சிரித்துப் பேசிக்கொண்டு ஏறினார்கள். குரங்குக்குப் பயந்து தூக்குப்போசியை முந்தானைக்குள் ஒளித்த ஒரு அம்மாள், முன்னால் போன கிருபாவைக் காட்டிக் கேட்டாள்.

"ஏனுங்க, புது மாப்பிள்ளைங்களா?"

லோகப்பிரியாவின் அம்மா சாமியாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாவும் உடந்தைதான் போலிருக்கிறது.

லோகப்பிரியா எட்டி நடந்து கிருபாவைப் பிடித்தாள். அடிவாரத்தில் பூசைச் சாமான் வாங்க அப்பாவும் அவனும் ஒன்றாகப் போய்விட்டு, அம்மாவும் இவளும் டீ குடித்து முடித்த பிறகுதான் வந்தார்கள். அப்போதிருந்தே அவன் முகம் சரியில்லை. அப்பா என்ன சொல்லி மிரட்டினாரோ.

"வெள்ளை வந்துருமுங்களா?"

"வந்தா சந்தோசம்." படியைப் பார்த்தபடியே சொன்னான். "செவப்பு வந்துட்டா நீ ஏடாகூடமா ஒண்ணும் செஞ்சுக்க மாட்டியே, பிரியா? சாமி சொன்னா ஒத்துக்கத்தான் வேணும்."

இந்த நேரத்திலும் தன்னைப் பற்றித்தான் கவலைப்படுகிறான் என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மேலே பூசாரி பொட்டணங்களை வாங்கி முருகன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். தூக்குப்போசி அம்மாளின் பேத்தி, சிவப்பு ரிப்பன் கட்டிய ஐந்து வயசுக் குட்டி, ஆசையாக ஓடிவந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பூசாரி நாரைப் பிரித்தார்.

செவ்வரளி.

லோகப்பிரியா தூணைப் பிடித்துக்கொண்டாள். கிருபா ஒரு வார்த்தையாவது எதிர்த்துப் பேசுவான் என்று அவன் முகத்தையே பார்த்தாள். அவனோ காளிச்சாமியைப் பார்த்துக் கைகூப்பினான்.

"சாமியே சொல்லிப்போட்டுதுங்க. நான் வாரனுங்க."

அவள் பக்கம் திரும்பாமலே இரண்டிரண்டு படியாக இறங்கிவிட்டான். பாவம், என்னைப் பார்த்தால் உடைந்துபோவோம் என்று பயந்துவிட்டான் என்றே அவளுக்குத் தோன்றியது. மூன்று வருசம் ஒரு பொட்டணத்தில் முடிந்துபோனது. இனி இந்த ஊரில், இந்த வீட்டில், யாருக்காக இருப்பது?

பூசாரி அடுத்த ஆளுக்குத் திருநீறு கொடுக்கத் திரும்பினார். லோகப்பிரியா சட்டென்று குனிந்து, மீதியிருந்த பொட்டணத்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். நாரை அறுத்தாள்.

அதிலும் செவ்வரளி.

சந்தேகப்பட்டது எவ்வளவு சரி! பின்னாலேயே வந்த அப்பாவின் முகத்துக்கு நேரே பூவை நீட்டினாள்.

"ரெண்டுலயும் செவப்பு! சாமி முன்னால வெச்சு இப்படி மோசம் பண்ணிப்போட்டீங்களேப்பா! வேண்டாம்னா வேண்டாம்னே சொல்லியிருக்கலாமில்லீங்க? எதுக்கு இந்த நாடகம்?"

"அம்மணி, அப்பனைப் பாத்து அப்படிப் பேசாத…" சாமியாத்தாள் அழுதுகொண்டே அவள் தோளைத் தொட்டாள்.

"நீங்களும் சேந்துதானுங்கம்மா? உங்க ரெண்டு பேரு சங்காத்தமே எனக்கு வேண்டாம். அவரு இன்னும் அடிவாரம் போயிருக்க மாட்டாரு. நான் அவரோடயே போயிக்கறேன்."

காளிச்சாமி அவள் கையிலிருந்த பூவை வாங்கினார். நம்ப முடியாதவர் மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கீழே வளைவில் கிருபா ஓட்டமாக இறங்கிக்கொண்டிருப்பது அங்கிருந்தே தெரிந்தது.

காளிச்சாமி அவனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் கட்டுனா நீ நம்பமாட்டீன்னு, பூக்கடையில அந்தத் தம்பியத்தான் பொட்டணம் கட்டச் சொன்னேன் கண்ணு."