பரிசல் கூலி

வாயைத் திறந்தால் வேலை இல்லை என்று மாணிக்கவாசகம் முதலிலேயே சொல்லிவிட்டார்.

சொன்னது யாரிடம்? மைசூர் தேவராஜ அரசு ரோட்டில் பட்டுப்புடவை விற்றே வாய் தேய்ந்த சென்னிமலையிடம்.

காரணமும் சொன்னார். கம்ப்யூட்டர் விளையாட்டை சி.டி.யில் வாங்கிப் போகிறவன் வீட்டுக்கு, அதைச் செய்தவனும் கூடவே போய் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே கம்பெனியில் வேலை பார்க்கும் நிக்கோல் விளையாடுவாள். சென்னிமலை பின்னால் உட்கார்ந்து பார்ப்பான். ஒரு ஜாடை, ஒரு கனைப்பு, எதுவும் கூடாது.

நியாயம்தான். புடவைக்கு வாய் இல்லை என்றுதான் கடையில் ஆள் வைக்கிறார்கள். இங்கே புடவையே பேச வேண்டுமாம்.

சரஸ்வதிபுரத்தில் ஒரு வீட்டு மாடி. நாலு கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி. வெளிநாட்டுக்காரர்களுக்கு இணையப் பக்கமும் பிள்ளைகளுக்கு விளையாட்டும் செய்து தருகிற, மாணிக்கவாசகத்தின் கம்பெனி. விளையாட்டு வடிவமைக்க ஆள் வேண்டும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். சாயங்கால வகுப்பில் படித்து, சொந்தமாக ஒன்றைச் செய்து எடுத்து வந்திருந்தான் சென்னிமலை. வயது முப்பத்தாறு.

கடையில் லீவு கேட்டான். கிடைக்கவில்லை. கேட்காமலே வந்துவிட்டான். இந்நேரம் அவன் நின்ற இடத்தில் முதலாளியின் மச்சான் நின்று புடவையை உதறிக்கொண்டிருப்பான். திரும்பிப் போக முடியாது.

திரையில் ஆறு. கரையில் பரிசல். அக்கரைக்குப் போகப் பரிசல்காரன் ஏழு விரலைக் காட்டுகிறான். பயணியின் பையில் இருப்பது நாலே காசு. ஆற்றைத் தாண்டினால்தான் மேற்கொண்டு விளையாட்டு.

விளையாட்டுகளைச் சோதித்துப் பார்ப்பதுதான் நிக்கோலுக்கு இங்கே வேலை. தோற்றுப் பழக்கமில்லாத பெண் என்பது அவள் விசைகளைக் குத்திய குத்திலேயே தெரிந்தது.

நாலு காசை நீட்டினாள். பரிசல்காரன் தலையை ஆட்டினான்.

கும்பிட்டாள். ஆட்டினான்.

கரையில் கிடந்த கல்லையெல்லாம் புரட்டிக் காசு தேடினாள். அகப்படவில்லை. மறுபடி வந்து அதே நாலு காசை நீட்டினாள்.

ஸ்பீக்கர் பெட்டியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சென்னிமலைக்கு ஏ.சி.யிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இந்த ரகத்தைக் கடையில் பார்த்திருக்கிறான். பேரம் என்றால் கெஞ்சுவது என்று நினைத்துக்கொண்டு, உட்கார்ந்த பாயை விட்டு அசையாத ரகம்.

"என்ன அங்கிள், இவன் உங்க சொந்தக்காரனா? ஒரு காசுகூட எறங்க மாட்டேங்கிறான்" என்றாள், திரும்பாமலே.

தூண்டிலாக இருக்கலாம். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டான்.

மாணிக்கவாசகம் திரையைப் பார்க்கவில்லை. அந்த உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

இன்னும் நாலைந்து தடவை முட்டிப் பார்த்துவிட்டு நிக்கோல் விசைப்பலகையைத் தள்ளினாள்.

"இதுல வழியே இல்ல சார். சும்னே டைம் வேஸ்ட்" என்றாள், சும்மா என்பதைக் கன்னடத்தில்.

எழுந்து காபி பிளாஸ்க்கை நோக்கிப் போனாள். மாணிக்கவாசகம் பேனாவை மூடினார். சென்னிமலை நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"அட, எங்கீங்க போறீங்க? நில்லுங்க. கோவிச்சுக்கிட்டுப் போனா எப்பிடிங்க? நீங்களே ஒரு வெலை சொல்லுங்க."

சந்தேகமே இல்லை. சென்னிமலையின் குரல்.

மாணிக்கவாசகத்தின் முகம் சுண்டியது. இருந்தது ஒரே ஒரு நிபந்தனை, அதைக்கூடவா காப்பாற்ற முடியவில்லை என்று கேட்டார்.

சென்னிமலை அப்போதும் வாயைத் திறக்கவில்லை. விரலை நீட்டி ஸ்பீக்கர் பெட்டியைக் காட்டினான்.

விசைகளை யாரும் தொடாமல் விட்டதும், திரையில் பயணி தானாகவே முதுகைக் காட்டி நாலடி நடந்திருந்தான். அதுவரை ஊமையாகத் தலையாட்டிய பரிசல்காரன் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இத்தனை நேரமும் சென்னிமலை வேண்டிக்கொண்டது அவ்வளவுதான். இந்தப் பெண் எழுந்து போகட்டும்.

நிக்கோல் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மூன்று காசுக்குப் படிந்தது. கள்ள அங்கிள் என்று சிரித்தாள். மாணிக்கவாசகமும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு தடவை முதுகைக் காட்டி, இரண்டே காசில் முடித்தார்.

இனிமேல் பேசலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டு, சம்பளத்தைச் சொன்னார். புடவைக்கடையில் வாங்கியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரும்.

"தொழிலுக்குப் புதுசு இல்லையா நீங்க. இதுக்கு மேல நமக்குக் கட்டுப்படியாகாது, சென்னிமலை."

கட்டுப்படியாகாது.

அந்த வார்த்தையை அவன் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான். சொல்லிவிட்டு எத்தனை பேருக்குக் குறைத்துக் கொடுத்திருப்பான்.

பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

"அப்ப நான் வர்றேனுங்க சார்."

நிக்கோல் நிமிர்ந்து பார்த்தாள். மாணிக்கவாசகம் பேனாவை மேஜைமேல் உருட்டிக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று செருப்பைக் கதவுக்கு வெளியே விடச் சொல்லியிருந்தார்கள். சென்னிமலை குனிந்து வலது காலின் வாரை மாட்டினான்.

உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை.

இடது காலிலும் மாட்டினான். பேனா உருளுகிற சத்தம் நின்றது. ஏ.சி. மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இனி படி இறங்க வேண்டியதுதான்.

மாட்டிய வாரைக் கழற்றி, மறுபடி மாட்ட ஆரம்பித்தான்.