மேற்கே சூலம்

தென்காசியில் இருந்து குற்றாலம் கூப்பிடு தூரம். பின் சீட்டு அண்ணாச்சியோ காரைக் கிழக்கே, பாவூர்சத்திரத்துக்கு விடச் சொன்னார். டிரைவர் முத்துச்செல்வத்துக்கு வயிறு எரிந்தது.

“கடையம் சுத்தியா குற்றாலம் போவணும்? டீசல்லா வீணாவுது, அண்ணாச்சி!”

“வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்லா. நேரே போனா போற காரியம் வெளங்காதுவே.”

“வாயில வெல்லத்தைப் போட்டுட்டுக் கிளம்புனா தோஷம் இல்லம்பாவ.”

“எனக்குச் சுகர் இருக்குவே.”

ஒருவழியாகக் குற்றாலம் மண்டபத்தை எட்டியபோது விழா தொடங்கியிருந்தது. மைக் அலறியது:

“விமானங்கள் சுற்றி வளைக்காமல் நேராகப் பறக்கப் பாதை போட்டு, எரிபொருளை மிச்சப்படுத்திய வான்வழி அதிகாரி பேச்சிராஜ் அவர்களுக்கு விருது!”

அண்ணாச்சி மேடையேறிக் கேடயத்தை வாங்கிக்கொண்டு காருக்கு வந்தார்.

“நாளைக்குத் தென்காசி திரும்பணும்வே. சனிக்கிழமை கிழக்கே சூலம். இப்பவே டேங்க்கை நிரப்பிரும்.”