வாசலில் சரவெடி

முதல் அடி மெக்கானிக்கின் தோளில் விழுந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தவன், கையில் பிடித்த ஊதுபத்தியோடு சாக்கடையோரம் குப்புறச் சரிந்தான். உதடு கிழிந்தது.

அவள் கையில் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் இரும்புக்கம்பி. அவள் வீட்டு வாசலில் தொடங்கிய சரம் தெருமுனை வரை வெடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. எதிர்வீடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குக் கந்தகப் புகை.

"அக்கா, ஒரு நிமிஷம்... சொல்றதக் கேளு!"

"என்னத்தடா கேக்கணும்? உள்ள எங்கப்பா தரையில போட்ட மீனாட்டம் வாயத் தொறந்து தொறந்து மூடுறாரு. உதடு நீலம் பாஞ்சிருச்சு. அந்த மனுஷன் மூச்சு நின்னாத்தான் உங்களுக்கெல்லாம் கொண்டாட்டமா?"

பாதி நுரையீரலைப் பஞ்சாலைத் தூசு தின்றிருந்தது. மிச்சத்தை வருஷக்கணக்காக இந்தத் தெருப் புகை தின்கிறது. காலையிலிருந்து அவர் முகத்திலிருந்து நெபுலைசரை எடுக்க முடியவில்லை. அவள் கோர்ட்டுக்கும் போகவில்லை, வக்கீலின் போனையும் எடுக்கவில்லை. மூச்சா பேச்சா என்றால் மூச்சுதானே முந்தி?

அடுத்த அடி முழங்காலில். மெக்கானிக் அலறிச் சுருண்டபோது, புகைக்குள்ளிருந்து டைலர் ஓடி வந்தார். கையில் ஆளுயர ரோஜா மாலை.

"அம்மாடி, கம்பியக் கீழ போடு! அவன் நம்ம பையம்மா!"

"மாலையும் ரெடியா மாமா? எங்கப்பா பொணத்துக்குப் போடவா?"

பிடுங்கி, வெடிக்கிற சரத்தின் மேல் எறிந்தாள். இதழ்கள் தீப்பொறியோடு சிதறின. மணிக்கட்டைப் பிடிக்க வந்த டைலரின் நெஞ்சில் முழங்கையால் ஒரு இடி, மனிதர் மல்லாந்தார். பிறகு வெறுங்காலோடு சரத்தின் மேல் ஏறினாள். பாதம் பொசுங்கியது. பொசுங்கினால் பொசுங்கட்டும் என்று மிதித்தாள். சரம் அறுந்து, புஸ்ஸென்று அடங்கும்வரை மிதித்தாள்.

உள்ளேயிருந்து அப்பாவின் இருமல் கேட்டது. உயிர் இருக்கிறது.

கம்பியை மறுபடி ஓங்கினாள். "இப்பச் சொல்லுடா. எவன் எதுல ஜெயிச்சான்னு இந்தக் கூத்து?"

மெக்கானிக் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான்.

"நீதாங்க்கா ஜெயிச்ச... நீ போட்ட கேஸ்ல, இனிமே இந்த ஊர்ல பட்டாசே வெடிக்கக் கூடாதுன்னு தீர்ப்பு வந்திருச்சு!"