வாத்து போட்ட ஓட்டு

இந்தக் கதை நான் நேரில் கண்டதல்ல; பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னது.

ஒரு குளத்தில் தலைவர் தேர்தல். போட்டியிட்ட வாத்து, ஏழு மலைக்கு அப்பாலுள்ள ஏரியிலிருந்து வந்தது. எதிர்த்து நின்ற நாரையும் வெளியூர்தான். குளத்து ஆமைக்கோ வாய்க்கால் கவலை. அது தூர்ந்துபோய், மூன்று வருடமாகக் குளத்துக்குத் தண்ணீர் வரவில்லை.

"வாய்க்காலைத் தூர்வாருவீங்களா?" என்று ஓட்டுக் கேட்டு வந்த வாத்திடம் ஆமை கேட்டது.

"நான் உங்க வீட்டுப் பிள்ளை, அக்கா!" என்றது வாத்து.

"போன தடவை ஜெயிச்ச கொக்கும் எங்க வீட்டுப் பிள்ளைதான், தம்பி. அப்புறம் வீட்டுப் பக்கமே வரல. வாய்க்கால் எந்தப் பக்கம், சொல்லுங்க?"

வாத்து வடக்கே காட்டியது. வாய்க்கால் கிழக்கே இருந்தது. ஆமைக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

"சரி, உங்க ஓட்டாவது உங்களுக்கு உண்டா?"

"எனக்கு ஓட்டு எங்க ஏரியில, அக்கா. அங்கேயும் அன்னிக்குத்தான் தேர்தல். போட்டுட்டு ஓடி வந்துடறேன்."

நாரை இதைவிட மோசம் என்று நினைத்து, ஆமை தன் ஓட்டான கூழாங்கல்லை வாத்தின் இலையில் வைத்தது. வாத்து ஜெயித்தது.

பிறகு நான் அந்த ஏரிப்பக்கம் விசாரித்தேன். வாத்து சொன்னபடியே போயிருக்கிறது. அங்கேயும் வெளியூர் நாரை ஒன்று நின்றிருக்கிறது. வாத்து கல்லை வைத்தது, அந்த ஏரியிலேயே பிறந்து வளர்ந்த ஓர் ஆமைக்கு.